வால்பாறையில் காது கொடுத்துக் கேட்ட காடு

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை, நடுவே தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள். சீரழிந்துபோன இந்தத் துண்டுகளை 2000-களின் தொடக்கத்திலிருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் குழுவினர் மீட்டு வருகிறார்கள். உன்னிச்செடியை வெட்டி எடுத்து, சாலையோரம் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி நாற்றாக்கி, குங்கிலியம், நாங்கு, வெடிப்பலா என்று அந்த மலைக்கே உரிய மரங்களை நடுகிறார்கள்.

மரம் வளர்ந்ததா என்று டேப் பிடித்து அளந்துவிடலாம். பறவை திரும்பி வந்ததா என்பதை எப்படி அளப்பது? அதற்குத்தான் ஒலிப்பதிவுக் கருவிகள். நட்டு வளர்த்த இடம், அப்படியே விட்டுவிட்ட இடம், சேதமாகாத பழைய காடு மூன்றிலும் கட்டி வைத்து, எதில் யார் குரல் கேட்கிறது என்று ஒப்பிடுகிறார்கள்.

காலை ஆறு மணிக்கு, கருவியின் மெமரி கார்டை மாற்றப் போன தம்பியோடு நானும் கிளம்பினேன். தேயிலையைத் தாண்டி நிழலுக்குள் கால் வைத்ததுமே உடம்பு சில்லிட்டது. அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க முழங்கால் வரை துணி உறை.

மரத்தில் கட்டியிருந்தது ஆடியோமாத் என்ற ஒலிப்பதிவுக் கருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பென்சில் பேட்டரி மூன்று, ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைக்கூடப் பிடிக்கும். மழைக்காக ஜிப் கவர், ஈரம் உறிஞ்ச உள்ளே சிலிக்கா பொட்டலம். கவரின் மடிப்பில் எறும்புகள் மண் அப்பியிருந்தன. தம்பி விரலால் மெதுவாக வழித்துவிட்டு, "பேசாம நில்லுங்கண்ணா, நம்ம குரலும் இதுல விழுந்துரும்" என்றார். அப்புறம் இருவரும் மூச்சுவிடாத குறைதான். தூரத்தில் சீகாரப்பூங்குருவி விசிலடித்துக்கொண்டிருந்தது.

இரவு லேப்டாப்பில் கேட்டோம். பாதிக்கு மேல் மழை. இலையில் விழும் சத்தம் எல்லாக் குரலையும் மூடிவிடுகிறது. அந்த மழை நேரங்களை ஒதுக்கிவிட்டு, மீதியை ஒவ்வொரு நிமிடமாகக் காது கொடுத்துக் கேட்டு, பறவையின் பெயரை எழுத வேண்டும். இந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது. கருவியை வாங்கிவிடலாம், குரலை அடையாளம் காணும் காதுக்கு வருஷக்கணக்கில் காட்டில் நடந்திருக்க வேண்டும்.

ஓரிடத்தில் தம்பி நிறுத்தினார். "இதைக் கேளுங்க." ஹூஷ், ஹூஷ் என்று கனத்த இறக்கை வீச்சு. பெரிய இருவாச்சி, குங்கிலியப் பழம் தின்னும் பறவை. பதிவான இடம், குங்கிலியம் நட்டு வளர்த்த அதே துண்டு.

இன்னொரு தரம் போடச் சொன்னேன்.