அறுந்து அறுந்து ஒலித்த புளூடூத் ஹெட்செட்

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இணையவழியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் முழுவதும், மாணவர்கள் பேசும் நேரம் பார்த்து, புளூடூத் ஹெட்செட்டில் ஒலி அரை நொடி அறுந்து மீண்டும் ஒட்டிக்கொண்டது. அந்த அரை நொடியில் ஒரு கழித்தல் குறி விழுங்கப்பட்டாலே விடை தலைகீழாகிவிடும் என்பதால், அதைச் சிறு தொல்லை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கணினியில் புளூடூத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், மின்சேமிப்புக்காகப் புளூடூத்தை அணைத்துவிடும் அமைப்பையும் நீக்கினேன். பயனில்லை. உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளே துருவேறி உதிர்வதால், கணினியின் யுஎஸ்பி துளையில் செருகியிருக்கும் சிறு புளூடூத் கருவியான டாங்கிளின் முனையையும் சந்தேகித்துத் துடைத்துப் பார்த்தேன். அது பளிச்சென்றுதான் இருந்தது.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை வரை தாவி இயங்குகிறது. நெரிசலான தடங்களை விட்டு விலகும் திறன் அதற்கு உண்டு என்றாலும், யுஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் கிளப்பும் இரைச்சல் அந்த அலைவரிசையில் அகலமாகப் பரவுவதால், அருகிலேயே இருக்கும் டாங்கிளுக்கு ஒதுங்க இடம் கிடைப்பதில்லை. என் டாங்கிளோ, வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்த நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான் இருந்தது.

ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசையின் மறுமுனைக்குக் கொண்டுபோனேன். அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். நேற்று இரண்டு மணி நேர வகுப்பில் ஒலி ஒருமுறைகூட அறுபடவில்லை.