தக்கலையிலிருந்து வழிநடத்திய வேலை: வின்னிபெக் வீட்டில் உறைந்த குழாய்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கனடாவுக்குச் சென்று குடியேறியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டியே ஊருக்கு வருகிறோம். பிள்ளைகளின் விடுமுறை, பங்குத் திருவிழா, உறவினர் திருமணம் என எல்லாம் அந்த வாரங்களில்தான் கூடிவருகின்றன. ஆனால் அங்கே பூட்டிவிட்டு வரும் வீட்டின் தண்ணீர்க் குழாய்களுக்கு ஆண்டிலேயே மிகவும் ஆபத்தான வாரங்களும் அவைதாம். தக்கலையில் அப்பாவின் வீட்டில் தங்கியிருந்தபோது, வின்னிபெக் நகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் உறைந்துபோனதையும் அதைக் காணொலி அழைப்பிலேயே வழிநடத்திச் சரிசெய்ததையும், எங்களைப் போல் ஊருக்கு வருவோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், கிளம்புமுன் செய்தவை. தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, அந்தக் குழாய்க்கு வீட்டுக்குள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவைத்து எஞ்சிய தண்ணீரை வடித்துவிட்டோம். இது அக்டோபரிலேயே முடிக்க வேண்டிய வேலை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை 16 டிகிரியில் வைத்தோம். ஆள் இல்லை என்பதற்காக 13 டிகிரிக்குக் கீழே இறக்குவது எரிவாயுச் செலவைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் சுவருக்குள் ஓடும் குழாயைக் கைவிடுவதற்குச் சமம். வெளிச்சுவரை ஒட்டியிருக்கும் சிங்க்குகளின் அடியிலுள்ள கேபினெட் கதவுகளைத் திறந்துவைத்தோம், அறையின் சூடு குழாய்வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

வீட்டில் யாருமே இருக்கப்போவதில்லை என்றால் இவற்றையெல்லாம்விட உறுதியான வழி ஒன்று உண்டு. தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவது. எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழேயுள்ள தளத்தில், கருங்கல் என்ற ஊரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் நண்பருடன் வாடகைக்கு இருந்ததால் அது எங்களுக்கு இயலவில்லை. மாறாக, நாள்தோறும் மேல்தளத்துக்குச் சென்று எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்து மூடும்படி அவரிடம் சொல்லியிருந்தோம். கனடாவில் பல வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள், குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வெளியூர் செல்பவர் தண்ணீரை வடித்திருக்க வேண்டும் அல்லது வீட்டைப் பார்க்க ஆள் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. இரண்டும் இல்லையென்றால் உறைந்து வெடித்த குழாயால் வரும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

வின்னிபெக்கில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கிய ஓர் இரவுக்குப் பின் அந்தத் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வேறுபாடு. தக்கலையில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது, அங்கே காலை. "அக்கா, குளியலறையில தண்ணி நல்லா வருது. சமையலறையில மட்டும் ரெண்டு குழாயிலயும் ஒரு சொட்டு வரல்ல" என்றார். மற்ற இடங்களில் தண்ணீர் வந்து ஒரே இடத்தில் நின்றுபோனால், அடைப்பு அந்த இடத்துக்குப் போகும் கிளைக் குழாயில்தான் இருக்க வேண்டும். எங்கள் சமையலறை சிங்க் வடக்குச் சுவரில் இருப்பதால் இடத்தை ஊகிப்பது கடினமாக இல்லை.

நான் அவரிடம் முதலில் சொன்னது, சிங்க்கின் சூடுநீர், குளிர்நீர் இரண்டு பிடிகளையும் முழுதாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது. பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது விளங்கவில்லை. "தண்ணியே வராத பைப்பைத் திறந்து வச்சு என்ன பலன் மக்களே?" என்று கேட்டார். அவருடைய கேள்வியில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பெரும்பாலும் குழாயை வெடிக்கச் செய்வது, பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளுவதால் அன்று. பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிக்கொண்ட தண்ணீர் போக வழியின்றி அழுந்துகிறது. அந்த அழுத்தம் பல மடங்கு ஏறி, பனியே இல்லாத ஓரிடத்தில்கூடக் குழாய் பிளக்கிறது. வாயைத் திறந்துவைத்தால் அந்த அழுத்தத்துக்கு ஒரு போக்கிடம் கிடைக்கிறது. கேட் வால்வு மூடியிருப்பது தெரியாமல் மோட்டாரைப் போட்டால் நம் வீட்டுப் பிவிசி இணைப்பு பிய்ந்துகொள்வது போலத்தான் என்று சொன்னதும் அப்பா புரிந்துகொண்டார்.

அடுத்து, பிரதான வால்வு. அது பேஸ்மென்ட்டில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த சுவரில் இருந்தது. தம்பியின் நண்பரை அங்கேயே நிற்கச் சொன்னோம். பிளந்த குழாய், உள்ளே பனி அடைத்திருக்கும்வரை ஒழுகாது. உருகிய பிறகே தண்ணீர் பீறிடும். அந்த நேரத்தில் வால்வைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வெப்பம் காட்டுவதற்கு முன்பே, மூடுவதற்கு ஆயத்தமாக ஒருவர் வால்வருகே இருக்க வேண்டும்.

கேபினெட்டில் இருந்த எண்ணெய்ப் போத்தல்களையும் பாத்திரம் கழுவும் பொருட்களையும் வெளியே எடுத்துவிட்டு, அவர் கைப்பேசியை உள்ளே நீட்டிக் காட்டினார். சுவரிலிருந்து வெளிவரும் செம்புக் குழாய் வளையும் இடத்தில் உப்புப் பொடி போல வெண்மையாக உறைபனி படிந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, பழைய கேபிள் ஒன்று சுவரைத் துளைத்து வந்த ஓட்டை இருந்தது. அதன் அருகே ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைப் பிடிக்கச் சொன்னேன். காகிதம் உள்நோக்கி வளைந்து படபடத்தது. காற்று வரும் வழி அதுதான் என்பது உறுதியாயிற்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சி மன்றம் செய்த சோதனைகளில், காப்பு உறையற்ற குழாய்களுக்கு வெளி வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கும்போது ஆபத்து தொடங்குவதாகக் கண்டார்கள். குளிர்ந்த காற்று நேரே குழாயின்மேல் பாய்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கேபினெட் கதவைத் திறந்துவைத்தும் பலன் இல்லாமல் போனது அந்தச் சிறிய ஓட்டையால்தான்.

காரேஜில் இருந்த எரிவாயு டார்ச்சைக் கொண்டுவரட்டுமா என்று தம்பி கேட்டார். கூடவே கூடாது என்று மறுத்தேன். அந்த ஊர் வீடுகளின் சுவர்களுக்குள் இருப்பது மரச் சட்டம். தீச்சுடர் காட்டினால் சுவருக்குள்ளேயே தீப்பற்றும். இரு பனிக்கட்டிகளுக்கு நடுவே அடைபட்ட தண்ணீர் ஆவியாகிக் குழாயை வெடிக்கச் செய்யவும் கூடும். ஹேர் டிரையர் போதுமானது. அது இல்லையெனில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளைச் சுற்றலாம். தரையைத் துடைத்து உலர்ந்த கையோடு ஹேர் டிரையரைப் பிடிக்கச் சொல்லி, குழாய்வாயின் பக்கத்திலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல மெல்லச் சுவரை நோக்கி நகர்த்தச் செய்தேன். இந்த வரிசை முக்கியம். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய தண்ணீர் இரு பக்கமும் பனியால் அடைபட்டுப்போகும். வாய்ப்பக்கத்திலிருந்து போனால் உருகுவதெல்லாம் வெளியே வந்துவிடும்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுமையிழந்து வெப்பத்தைக் கூட்டும் ஆசை அப்போதுதான் வரும். அதற்கு இடம்கொடுக்கக் கூடாது. பிறகு குழாய்வாயில் காற்று சீறியது, இரண்டு மூன்று சொட்டுகள் விழுந்தன, நூல் போல ஒழுக்கு வந்தது. ஓடும் தண்ணீரே மீதிப் பனியைக் கரைத்துவிடும் என்பதால் மூடாமல் விட்டுவைத்தோம். முழு வேகம் வந்த பிறகு, எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்துவிட்டு உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், எங்கும் நனையவில்லை. சிங்க்குக்கு நேர் கீழேயுள்ள பேஸ்மென்ட் கூரையில் ஈரக் கறை இருக்கிறதா என்று நண்பர் பார்த்தார். கடைசியாக, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் கவனிக்கச் சொன்னேன். சுவருக்குள் கசிவு இருந்தால் மீட்டர் நிற்காமல் நகரும். அது அசையவில்லை.

அன்றே அவர் கடையில் விரிவடையும் ஃபோம் வாங்கி ஓட்டையை அடைத்து, குழாய்க்கு நுரை உறை மாட்டினார். மிகக் குளிர்ந்த இரவுகளில் சூடுநீர், குளிர்நீர் இரண்டையும் சொட்டாக விட்டுவைத்தார். அழுத்தம் சேராமல் இருக்க அந்தச் சொட்டு போதும்.

வீட்டில் எந்தக் குழாயிலுமே தண்ணீர் வராவிட்டால் கதை வேறு. தெருவிலிருந்து வரும் நிலத்தடி இணைப்பே உறைந்திருக்கலாம். 2014ஆம் ஆண்டு வின்னிபெக்கில் அப்படி ஏராளமான வீடுகளுக்கு நேர்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் இழுத்துத் தற்காலிகமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஹேர் டிரையர் உதவாது. நகராட்சியைத்தான் அழைக்க வேண்டும். ஆகவே சாவியைக் கொடுத்துவிட்டு வரும்போது, பிரதான வால்வு இருக்குமிடத்தின் புகைப்படம், நகராட்சியின் அவசர எண், உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவரின் எண், காப்பீட்டு ஒப்பந்த எண் ஆகிய நான்கையும் தாளில் எழுதி மீட்டருக்கு மேலே ஒட்டிவிட்டு வாருங்கள்.