சிங்கத்துக்கு வைத்த நஞ்சு

கென்யாவின் மசாய் மாராவில் காட்டுயிர் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், இறந்த விலங்கைக் கூறாய்வு செய்வதில் எங்களுக்குப் பெரும் போட்டி பிணந்தின்னிகளான பாறுக் கழுகுகள்தாம். வெயில் ஏறி, மேலெழும் வெப்பக் காற்றில் அவை வட்டமிடத் தொடங்கிவிட்டால், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானினத்தின் உடலில் பரிசோதனைக்கென எடுக்க அதிகம் மிஞ்சாது. உருவத்தில் பெரிய மடல்முகப் பாறு தடித்த தோலைக் கிழிக்கும். வெண்முதுகுப் பாறுகள் மயிரற்ற நீண்ட கழுத்தை உள்ளே நுழைத்துத் தசையை இழுக்கும். சிதறியதைச் சிறிய பாறுகள் பொறுக்கும்.

இந்த வேகத்தின் பயன் அவை இல்லாத இடத்தில்தான் தெரியும். கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில், பாறுகள் வராத உடல்கள் மட்கி மறைய ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் பிடித்தது. அங்கே கூடிய கழுதைப்புலி, நரி முதலியவற்றின் எண்ணிக்கையும் அதே அளவில் கூடியது. இவை ஒன்றையொன்று நெருங்கி உண்ணும்போது வெறிநோய் போன்றவை பரவும் வாய்ப்பும் மிகுகிறது. பாறின் இரைப்பை அமிலமோ, அழுகிய இறைச்சியிலுள்ள பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடக்கூடியது.

பாறுகளை அழிப்பது பெரும்பாலும் அவற்றுக்கென வைக்காத நஞ்சு. மாட்டைச் சிங்கத்திடம் பறிகொடுத்தவர் எஞ்சிய உடலில் ஃபியூரடான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தூவிவிடுவார் (நம் ஊர் வாழைத் தோட்டங்களில் குருணை மருந்தாக இடப்பட்ட அதேதான்). சிங்கம் திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறுகள் கூட்டமாக இறங்கிவிடும். தீனிப்பை நிறைந்து கழுத்தடி புடைத்திருக்க, விரல்களை இறுக மடக்கியபடி கிடக்கும் பறவைகளைக் கண்டதுமே நஞ்சின் வகையை ஓரளவு ஊகித்துவிடுவோம். மாதிரிகளை எடுத்ததும், அடுத்த கூட்டம் வந்து சேருமுன் அனைத்தையும் எரித்தாக வேண்டும்.

யானை வேட்டைக்காரர்கள் நஞ்சு வைக்கும் நோக்கமே வேறு. வட்டமிடும் பாறுகள் வனக் காவலர்களுக்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பதால், பறவைகளைக் கொல்வதற்கென்றே யானையின் உடலில் நஞ்சிடுவதும் உண்டு. 2019ஆம் ஆண்டு போட்ஸ்வானாவில் நஞ்சிடப்பட்ட மூன்று யானைகளின் உடல்களை உண்டு 500க்கும் மேற்பட்ட பாறுகள் மடிந்தன. பொதுவாக ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டையிடும் இனத்தால் அந்த இழப்பை எளிதில் ஈடுகட்ட முடியாது. 2015இல் ஆப்பிரிக்கப் பாறுகளில் நான்கு இனங்கள் மிக அருகிவிட்டவையாக அறிவிக்கப்பட்டதற்கும் நஞ்சு ஒரு முக்கியக் காரணம்.

கிராமக் கூட்டங்களில் பாறுகளின் பெருமையை நாங்கள் எடுத்துரைத்ததால் பெரிதாக எதுவும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. மாட்டை இழந்தவரின் கோபம் நியாயமானது. முள்வேலிப் பட்டிகளுக்குப் பதிலாகக் கம்பி வலை அடித்துக் கொடுத்த இடங்களில் இரவில் மாடுகள் பிழைத்தன. குருணையைத் தேட வேண்டிய தேவையும் அங்கே குறைந்தது.