சீலன்ட் போடுவதற்கு முன்: பழைய வேக்ஸை எடுத்த கதை

2024 செப்டம்பர் 13, வெள்ளி

ஜூனில் காருக்குப் போட்ட வேக்ஸ் போய்விட்டதா என்று பார்க்க பானெட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். முத்து முத்தாக நிற்கவில்லை, தட்டையாகப் பரவியது. கதவுகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் உருண்டு ஓடுகிறது. வெயில் நேராக விழும் இடத்தில்தான் முதலில் போகும்.

ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டுமா? அதே கார்னாபா வேக்ஸ்தான் (ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) போடப்போகிறோம் என்றால் வேண்டாம் என்பது என் கட்சி. கழுவிவிட்டு மேலேயே போடலாம். புது வேக்ஸில் இருக்கும் கரைப்பான் பழையதையும் கொஞ்சம் இளக்கிக்கொள்ளும். ஆனால் இம்முறை வாங்கி வைத்திருப்பது பாலிமர் சீலன்ட், அதாவது பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு. அது பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டில் நேரடியாகப் பிடிக்க வேண்டும், நடுவில் மெழுகு இருந்தால் பிடிப்பு வராது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

செப்டம்பர் 14, சனி

வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுக் கழுவினேன். வாராவாரம் இதில் கழுவுவது நல்லதல்ல. எப்போதாவது என்றால் பயமில்லை. வேக்ஸ் முழுவதும் இதிலேயே போய்விடும் என்று சொல்வதைத்தான் நான் நம்புவதில்லை. எண்ணெய்ப்பசை போகும், அவ்வளவுதான்.

வாட்ச்மேன் அண்ணன் வந்து, “என்ன சார், நேத்துதானே துடைச்சேன்?” என்றார். அவருடைய அந்த ஒரே துணிதான் எங்கள் குடியிருப்பின் எல்லாக் கார்களிலும் வட்ட வட்டமாகக் கீறல் போட்டிருக்கிறது. எப்படிச் சொல்வது!

போர் தண்ணீர் என்பதால் உடனே துடைத்தேன். காயவிட்டால் உப்புத் திட்டு படியும். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவினால் பெயின்ட் முழுக்கச் சொரசொரப்பு. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், மரப்பிசின் எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்ததில் அதுவும், மீதி வேக்ஸில் பெரும்பகுதியும் வந்தன. கிளே தரையில் விழுந்தால் எடுக்கவே கூடாது. ஒட்டிய மணல் பெயின்ட்டைக் கீறிவிடும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மெடிக்கலில் வாங்கிய 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மில்லியில் 250 மில்லி தண்ணீர் கலந்தால் 20 சதவீதம் ஆகிவிடும். அதைத் தெளித்து, ஒரு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, இன்னொன்றால் உலர்த்தி, ஒவ்வொரு பகுதியாக முடித்தேன். பின் பம்பருக்குப் போன வாரம்தான் பெயின்ட் அடித்தது. புதுப் பெயின்ட்டை ஆல்கஹால் இளக்கிவிடும் என்பதால் அதன் பக்கமே போகவில்லை. சீலன்ட்டும் அதற்கு இப்போது கிடையாது.

மறுபடி தண்ணீர் ஊற்றினேன். பானெட், கதவு எல்லாம் ஒரே மாதிரி தட்டையாக வழிந்தது. சரி, போதும். மாலையில் கறுப்பு ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சீலன்ட்டை மெல்லிசாகப் போட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பின்பக்க எழுத்துகளின் இடுக்கில் பழைய வேக்ஸ் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பழைய டூத் பிரஷ்ஷும் மிச்ச ஆல்கஹாலும் அதற்குப் போதுமானதாக இருந்தன. கண்ணாடிக்குக் கீழுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் ஜூனிலேயே ஏறிய கறை மட்டும் அசையவில்லை. சனிக்கிழமை ஆல் பர்ப்பஸ் கிளீனர் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.