லிட்டிபாரா மலையில் லெந்து நாட்கள்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

சுனை வற்றத் தொடங்கிவிட்டது. பாறை இடுக்கில் ஊறும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் மலைமேல் உள்ள மொத்த ஊரும் இருக்கிறது. விடியுமுன் போனால் குடம் நிறைந்துவிடும். வெயில் ஏறிய பிறகு போனால் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று ஆராதனை முடிந்து போனதால் உட்கார வேண்டியதாயிற்று. முன்னால் நின்ற பெண்கள், "தீதி (அக்கா), நீங்க பிடிங்க" என்று இடம்விட்டார்கள். நான் பிடிக்கவில்லை. கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்கு முன்னால் எனக்கு என்ன அவசரம்?

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: இது ஜார்க்கண்ட் மாநிலம், பாக்கூர் மாவட்டத்தில் லிட்டிபாரா ஒன்றியம். ராஜ்மகால் மலைகள். அடிவாரத்தில் சந்தால் மக்களும் மலைமேல் பஹாடியா மக்களும் இருக்கிறார்கள். நம் ஊர் மிஷனெரிகள் இவர்களை மால்டோ மக்கள் என்றுதான் சொல்வார்கள். மூங்கில் பிளாச்சில் மண் பூசிய சுவர், புல் கூரை. மலைச்சரிவில் மக்காச்சோளமும் பர்பட்டியும் விதைப்பார்கள். பர்பட்டி என்பது நம் தட்டைப்பயறுதான். நான் நர்சிங் படித்துவிட்டு, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவள். எனக்கு முன்பே வந்து இங்கே ஊழியம் செய்துவரும் கன்னியாகுமரி மாவட்டத்து அண்ணன், அக்கா வீட்டை ஒட்டிய அறையில் தங்கியிருக்கிறேன். அண்ணன் சாயங்காலப் பள்ளி நடத்துகிறார். நான் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஊர்த்தலைவரான பிரதானின் பேரனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறதாம். இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் அவன் தங்கை சொல்லி. பையனுக்குப் பத்து வயதிருக்கும். கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னே நிற்கிறது. படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே கை வைத்தேன். மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்பட்டது, நான்கு விரல் அகலத்துக்கு. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே ரத்தமே இல்லாத வெளுப்பு.

காலா அசார் என்ற கருங்காய்ச்சல்தான் என்று என் மனதுக்குப் பட்டது. மலேரியாவாகவும் இருக்கலாம், சோதனை செய்யாமல் எதையும் சொல்லக்கூடாது. காலா அசார் மணல் ஈ கடித்து வருவது. கொசுவைவிடச் சின்னது, காதருகே வந்தாலும் சத்தம் வராது. மண்சுவரின் ஈர வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கும். மருந்து கொடுக்காமல் விட்டால் உயிர் தங்காது. நாட்டில் காலா அசார் இருந்த 633 ஒன்றியங்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒரு நோயாளிக்கும் கீழே என்ற இலக்கை 2023 ஜனவரிவரை எட்டாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது இந்த லிட்டிபாராதான். அதே ஆண்டு முடிவதற்குள் இதுவும் எட்டிவிட்டது. எட்டிவிட்டது என்றால் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தப் பையன் வயிறே அதற்குச் சாட்சி.

பாட்டி சேவலும் அரிசியும் எடுத்துவைத்திருந்தார். முதலில் பூஜை, மற்றதெல்லாம் அப்புறம் என்றார். பூஜையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பூஜை முடிந்ததும் ரத்தம் பார்க்கக் கூட்டிப்போகலாமா என்று மட்டும் கேட்டேன். பிரதான் பதில் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து தொடங்குகிறது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் நான்கு மால்டோ விசுவாசிகளும் சேர்ந்து ஜெபித்தோம்.

பாறைமேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மாவிடம் பேசினேன். "ஏட்டி, உபவாசம்னு சொல்லி வெறும் வயித்தோட மலை ஏறாத" என்றாள். ஊரில் லெந்துக்குக் கைப்பிடி அரிசி எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்களாம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷனெரி ஊழியத்துக்கென்று தனிப்பானையில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அரிசியில்தான் நான் இங்கே நிற்கிறேன்.

எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், பின்னாளில் பேராயரான அசரியா. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெள்ளைக்காரர் பணத்துக்குக் காத்திராமல் நம் பனங்காட்டு ஏழைகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நாசரேத்துக்கும் ஒருவர் தொலைவிலிருந்து வந்து தங்கினார். இங்கிலாந்திலிருந்து 1876-ல் வந்த மர்காஷிஸ் ஐயர் 1908-ல் இறக்கும்வரை எங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. நான் பிறந்த ஊரில் யாரோ வந்து தங்கியதால் படித்தவள் நான். இங்கே வந்து தங்குவதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இது கடன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் கதவைத் திறந்தால் பிரதான் நிற்கிறார். "போகலாம்" என்றார், அவ்வளவுதான்.

கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து மூங்கிலில் கட்டி, பையனைப் படுக்கவைத்து, நான்கு பேர் தூக்கினார்கள். தார்ச்சாலை வரும்வரை இப்படித்தான். பிறகு ஆஸ்பத்திரிவரை டெம்போ. அடிவாரத்து சஹியா தீதி முன்பே போன் செய்து வைத்திருந்தார். கிராமச் சுகாதாரப் பணியாளரை நம் ஊரில் ஆஷா என்கிறோமே, இங்கே சஹியா. அவர் சந்தால் பெண். பஹாடியா மொழி தெரியாது, ஆனால் எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு வாங்கவேண்டும் என்பது அத்துப்படி.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பட்டையில் விட்டு மேலே மருந்துத் துளி. பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பாட்டியும் குனிந்து அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கோடு வந்தது, அப்புறம் இரண்டாவது. காலா அசார். நாளைக்குப் பாக்கூர் சதர் ஆஸ்பத்திரி, அதாவது மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி.

மார்ச் 8, சனி

மருந்து ஒரே வேளைதான். இதை எழுதும்போதே நன்றியாக இருக்கிறது. அக்கா பழைய கதை சொல்வார்: இருபது நாள், முப்பது நாள் தினமும் ஊசி. மலைக்காரர்கள் யாரால் அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கமுடியும்? காட்டு வேலை போய்விடும், ஆட்டைப் பார்க்க ஆள் இருக்காது. பாதியில் இறங்கிப்போவார்கள், காய்ச்சல் திரும்பும். 2014-லிருந்து ஒரு நாள் டிரிப் போதும் என்றாகிவிட்டது. எடைக்குத் தக்க அளவு, அரசு இலவசமாகத் தருகிறது.

குப்பியில் கலங்கிய மஞ்சளாக இருக்கும். சலைனில் கலந்தால் கெட்டுப்போகும், ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்கவேண்டும். பணியில் இருந்த சிஸ்டர் கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைவிடக் கை சுத்தம். சுமார் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நடுவில் பையனுக்குக் குளிரெடுத்தது. பாட்டி கட்டிலில் உட்கார மறுத்துவிட்டார். தரையில் உட்கார்ந்து பேரனின் கால் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டிரிப் முடியும்வரை விடவில்லை. சிஸ்டர் தேநீர் கொண்டுவந்தபோது வாயருகே வைத்துக் குடிக்கவைக்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரி நாளில் நான் செய்வது பெரும்பாலும் கூட நிற்பதுதான். பெயரைச் சொல்வது, எழுத்து தெரியாதவருக்குப் படிவம் நிரப்புவது, கூட்டத்தில் யாராவது அதட்டினால் நடுவில் போய் நிற்பது. மலைக்காரர்களுக்கு நோயைவிட ஆஸ்பத்திரி வராந்தாதான் பெரிய பயம். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஊருக்குள் அரசர் மாதிரி இருக்கும் பிரதான், இங்கே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "தாதா, செருப்பைப் போட்டுக்குங்க" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

டிஸ்சார்ஜ். காய்ச்சல் இறங்கிவிட்டது. பையன் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் ரயில். பார்த்ததே இல்லையாம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். பாக்கூர் கருங்கல்லுக்குப் பேர்போன ஊர், ஜல்லி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கினான், அண்ணன் பள்ளியில் படித்தது நூறுவரைதான். வண்டி நூறைத் தொடுமுன் முடிந்துவிட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். பிரதானும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதவே நேரமில்லை. நம் இலுப்பை வகையான மஹுவா பூ உதிரும் காலம். இருட்டிலேயே ஊர் மொத்தமும் மரத்தடிக்குப் போய்விடுகிறது. வெளிர்மஞ்சள் பூவை கூடை கூடையாகப் பொறுக்கி வந்து, வாசலெல்லாம் காயப்போட்டிருக்கிறார்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த அந்த வாசம் துணியிலும் ஏறிவிட்டது. சாராயத்துக்கும் போகும், பசிக்கு வேகவைத்துத் தின்னவும் ஆகும். சாராயத்தால் வீடுகளில் நடப்பதை நானும் பார்க்கிறேன், வருத்தப்படுகிறேன். ஆனால் பூவையே வெறுக்க முடியாது. பர்பட்டி தீர்ந்துபோன வீட்டில் இந்த மாதம் பானையில் இருப்பது அதுதான்.

இன்று சுகாதாரத் துறையின் தெளிப்பு ஆட்கள் ஏறி வந்தார்கள். மணல் ஈக்காகச் சுவருக்கு மருந்தடிக்க ஆண்டுக்கு இரண்டு சுற்று வருவார்கள். பெண்கள் கதவை மறித்தார்கள். உள்ளே மஹுவா இருக்கிறது, விதை மக்காச்சோளம் இருக்கிறது, மூதாதையருக்கென்று ஒதுக்கிய மூலை இருக்கிறது, நாற்றத்தில் ஆடு சாகும் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாமே யோசிக்கவேண்டிய காரணங்கள். நான் பேச வாயெடுத்தேன், அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குள் பிரதான் தன் வீட்டிலிருந்து பானைகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைக்கத் தொடங்கியிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைசியாகப் பேரனையும் கொண்டுவந்து பானைகளுக்கு நடுவே உட்காரவைத்தார். பிறகு தெளிப்பு ஆளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மத்தியானத்துக்குள் எல்லா வீட்டு வாசலிலும் பானை. நானும் அக்காவும் தூக்கித் தூக்கிக் கை வலிக்கிறது. மூதாதையர் மூலையை மட்டும் அந்தந்த வீட்டுக்காரரே துணிபோட்டு மூடினார்கள், தெளிப்பு ஆட்களும் மரியாதையாக ஒதுங்கி அடித்தார்கள். மூன்று மாதமாவது சுவருக்குப் புது மண் பூசாமல் இருக்கவேண்டும், பூசினால் மருந்து மூடிப்போகும். அதைச் சொல்வது இனி என் வேலை.

ஏப்ரல் 5, சனி

சந்தைக்குப் போனேன். பஹாடியா பெண்கள் விறகுக்கட்டைத் தலையில் வைத்து இருட்டில் இறங்கி, விற்ற காசில் உப்பும் எண்ணெயும் வாங்கித் திரும்புகிறார்கள். மகாஜனிடம் மழைக்காலத்தில் வாங்கிய கடனுக்கு மஹுவாவை அவர் சொன்ன விலைக்கே கொட்டவேண்டும். அண்ணன் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குத் தராசு பார்க்கக் கற்றுத் தருகிறார். இன்று ஒரு பெண் தன் மகளை மகாஜன் தராசுக்கு எதிரே நிற்கவைத்து, "வாசி" என்றாள். பிள்ளை முள்ளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தது. மகாஜன் ஒன்றும் பேசாமல் அந்த எடைக்கே கணக்குப் போட்டார். அரசின் 35 கிலோ அரிசியும் இப்போது மூட்டையாக வீடு தேடி வருகிறது. அது வந்த மாதத்தில் கடன் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஊரில் இந்நேரம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம், பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை. வெள்ளைச் சேலையில் அம்மா மூன்றாவது வரிசையில் இருப்பாள். "தாகமாயிருக்கிறேன்" என்ற வார்த்தையை இன்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. மால்டோ மொழியில் இன்னும் தடுமாறுகிறேன். ஆக்ராவில் 1884-லேயே ட்ரோஸ் என்ற மிஷனெரி எழுதிய மால்டோ இலக்கணம் அச்சாகிவிட்டது. அதுவும் தமிழைப்போலத் திராவிடக் குடும்பத்து மொழிதான். எனக்குத்தான் நாக்கு பழகவில்லை. நான் நிறுத்திய இடத்தில் ஒரு விசுவாசி எழுந்து அவர் வார்த்தையில் முடித்தார். அவர் சுனையைப் பற்றிப் பேசினார். என்னால் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை. மக்காச்சோளக் களியும் தட்டைப்பயறுக் குழம்பும் எல்லோருக்கும். பிரதான் வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சூரியனைக் கும்பிடுபவர், இன்றும் அப்படித்தான். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் மாநிலத்தில் 2017 முதல் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மருந்துக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். என் விசுவாசத்தை மறைப்பதும் இல்லை. கேட்பவருக்குச் சொல்கிறேன். நான் இங்கே இருப்பதற்குக் காரணமே இயேசுதான். ஆனால் அந்தப் பையனின் ரத்தச் சோதனைக்கு அது விலையாகிவிடக் கூடாது.

ஏப்ரல் 24, வியாழன்

பையனின் மண்ணீரல் இப்போது ஒரு விரல் அகலம்தான். எடை ஏறியிருக்கிறது. சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தோலில் வெளிறிய திட்டு வரும், அதிலிருந்தும் நோய் பரவும். அதனால் நோட்டில் அவன் பெயருக்கு எதிரே அடுத்த தேதிகளை எழுதி வைத்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரதான் வந்தார். பக்கத்து மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அந்த ஊருக்குப் போனதில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. அவர் தானாகவே போய், எந்த வீட்டில் நாள்பட்ட காய்ச்சல் என்று விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் பயந்து வாசலிலேயே நின்றாள். நான் பேசுமுன் பிரதான் அவளிடம் சொன்னார்: ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், பத்து நிமிஷம் உட்காரவேண்டும், இரண்டு கோடு வந்தால் பாக்கூர், நான் கூட வருகிறேன்.

சஹியா தீதிக்குப் போன் செய்தாயிற்று. நாளை ஆறு மணிக்கு இறங்குகிறோம்.