பிரித்த நூலில் ஒரு போர்வை

போன வாரம் ஒரு போர்வையை முடித்தேன். 63 சதுரங்கள், ஏழுக்கு ஒன்பது. அதில் இருக்கும் நூல் முழுவதும் முதலில் அக்காவுக்காகப் பின்னிய கார்டிகனாக, அதாவது முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டராக, இருந்தது. நான்கு மாதம் பின்னிய கார்டிகனை மூன்றே மாலைகளில் பிரித்தேன். அந்தக் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. குரோஷேவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் பின்னலில், துணி பின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு இதில் பயன்படக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

கார்டிகனுக்கு முன் நான் பின்னியவை தொப்பி, மஃப்ளர், சின்னப் பைகள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அவற்றில் தெரியாது. ஆனால் முதல் தொப்பியிலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. பேட்டர்னில், அதாவது பின்னும் முறையை எழுதிய குறிப்பில், 'டபுள் குரோஷே' என்ற கண்ணி வகை இருந்தது, நானும் டபுள் குரோஷேதான் போட்டேன். தொப்பி காது, கண் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இறங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அது பிரிட்டிஷ் முறையில் எழுதிய பேட்டர்ன். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள், சிங்கிளைவிட உயரமான கண்ணி. இப்போதைய பிரிட்டிஷ் முறையில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் கிடையாது. அதனால் பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள்' கண்ணில் பட்டால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் புதுப் பேட்டர்ன் எடுத்தால் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறேன்.

சரி, கார்டிகனுக்கு வருகிறேன். 50 கிராம் பருத்தி நூல்கண்டுகள் 18 வாங்கினேன், மொத்தம் 900 கிராம். 5 மில்லிமீட்டர் ஊசி. பேட்டர்னில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 14 கண்ணி வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லியிருந்தது. நான் அதைச் செய்யவில்லை. நூல் கையில் வந்த அன்றே ஆரம்பித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

என் கை கொஞ்சம் தளர்வு. எனக்கு 10 சென்டிமீட்டரில் 12 கண்ணிதான் வந்திருக்கிறது. இரண்டு கண்ணி வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டருக்கு 140 கண்ணி போட வேண்டும். அதே 140 கண்ணியை 12 கணக்கில் பின்னினால் சுற்றளவு கிட்டத்தட்ட 117 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் துணி கூடுதலாக வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. பருத்தி நூலுக்குக் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பிச் சுருங்கும் தன்மை குறைவு. டபுள் குரோஷேவில் பின்னிய கிட்டத்தட்ட ஒரு கிலோ துணி தன் எடையாலேயே கீழே இறங்கும். முடித்த சந்தோஷத்தில் ஹேங்கரில் மாட்டி வைத்தேன். இரண்டு நாளில் 6 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. குரோஷே துணியை மடித்துத்தான் வைக்க வேண்டும், மாட்டவே கூடாது.

அக்கா போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன் நின்று, கையால் இங்கும் அங்கும் தேடினாள். "தோள் எங்கடா இருக்கு இதுல?" என்று கேட்டாள். உண்மையாகவே தேடித்தான் கேட்டாள். தோள்பட்டைத் தையல் அவள் கையில் பாதி தூரம் இறங்கியிருந்தது. "பரவாயில்லடா, வீட்டுல போட்டுக்கிறேன்" என்றாள். அப்படி அவள் போட்டுக்கொள்வதில் எனக்கு விருப்பம் இல்லை. ஒருவருடைய உடம்பை மனதில் வைத்துப் பின்னிய துணி அந்த உடம்பில் உட்கார வேண்டும். திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரிப்பதில் முதல் வேலை, முடித்த இடத்தைக் கண்டுபிடிப்பது. நூல் முனைகள் அவிழாமல் இருக்க ஒவ்வொன்றையும் மூன்று திசையில் மாற்றி மாற்றிச் செருகியிருந்தேன். அது சரியான முறைதான். ஒரே திசையில் செருகினால் துவைக்கத் துவைக்க முனை வெளியே வந்துவிடும். ஆனால் இப்போது அந்த முனைகளை எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கைப்பகுதியை உடம்போடு சேர்த்த தையலும் அதே நிற நூல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து வெட்ட ஒரு மாலை முழுவதும் ஆனது. ஓரிடத்தில் தையலுக்குப் பதில் துணியின் நூலையே வெட்டிவிட்டேன். அதனால் அந்த நூல் இரண்டாகப் போனது.

முனை கிடைத்த பிறகு வேலை சுலபம். குரோஷேவின் அமைப்பு அப்படி. இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்தபடி நிற்கும். நழுவினால் ஆபத்து. குரோஷேவில் வழக்கமாக திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, மற்றவை எல்லாம் கட்டி முடிந்தவை. அந்த ஒன்றை இழுத்தால் முழுத் துணியும் நூலாகத் திரும்பி வரும். இழுக்காவிட்டால் அப்படியே இருக்கும். நான் ஊசியை எடுத்துவிட்டு எழுந்து போக முடிவதும், பஸ்ஸில் பின்ன முடிவதும் இதனால்தான்.

பிரித்த நூல் சுருட்டை முடி மாதிரி இருந்தது. அப்படியே பின்னினால் கண்ணி ஒழுங்காக வராது. நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்துத் தொங்கவிட்டேன். காய்ந்ததும் நேராகிவிட்டது. இதை நம்பாமல் இருந்த நானே செய்து பார்த்து நம்பினேன்.

அந்த நூலில் என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. கிரானி சதுரம், நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரம். அதன் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று டபுள் குரோஷே ஒரு கொத்து. முதல் சுற்றில் நான்கு கொத்து, 12 கண்ணி. ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துக்கு ஒரு கொத்து கூடும், அதாவது 12 கண்ணி. ஆறாவது சுற்றில் 72. எங்கே இருக்கிறோம் என்பதைத் துணியே சொல்லிவிடும்.

இந்தப் பன்னிரண்டு சும்மா வந்ததில்லை. டபுள் குரோஷேவில் தட்டையான வட்டம் பின்னினாலும் சுற்றுக்கு 12 கண்ணிதான் கூட்ட வேண்டும். சிங்கிள் என்றால் 6. குறைவாகக் கூட்டினால் கிண்ணம் மாதிரிக் குவியும், தொப்பி அப்படித்தான் உருவாகிறது. அதிகம் கூட்டினால் ஓரம் அலை அலையாக மடிந்துகொள்ளும். லாட்வியாவில் பிறந்த கணித அறிஞர் டைனா டைமினா 1997-ல் இந்த அலையை வைத்தே அதிபரவளையத் தளம் என்ற வடிவியல் உருவத்தைக் குரோஷேவில் பின்னினார். காகிதத்தில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துவிடும். நூலில் செய்ததை மாணவர்கள் கையில் வாங்கி மடித்துப் பார்க்க முடிந்தது. நான் முதன்முதலாகப் பின்னிய மேசை விரிப்பின் ஓரமும் அப்படித்தான் அலைந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் சதுரத்தை முடித்ததும் எடை போட்டேன். 12 கிராம். 63 சதுரத்துக்கு 756 கிராம். மீதி 144 கிராம் இணைக்கவும் சுற்றிக் கரை போடவும் போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கார்டிகனுக்கு முன் செய்யாத கணக்கை இதற்குச் செய்தேன். ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு முனை, ஆக 126 முனைகள். அவற்றைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் சதுரம் முடிய முடியச் செருகினேன். போர்வை பின்னுகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். ஒரு மூலையில் முடிக்காத போர்வைகள் கிடப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். பின்னல் முடிந்திருக்கும், முனைகள்தான் பாக்கி.

கார்டிகனில் அக்காவை மூழ்கடித்த அதே எடை, போர்வையில் நன்றாக இருக்கிறது. காலில் போட்டால் அசையாமல் கிடக்கிறது. அவளிடம் கொடுத்தபோது விரித்துப் பார்த்தாள், சதுரங்களை எண்ணினாள், பிறகு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இது அந்தச் சட்டைதானே?" என்றாள். நூலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அவளுக்குக் கார்டிகன் பாக்கி இருக்கிறது. இந்த முறை கம்பளி கலந்த, எடை குறைந்த நூல். 5 மில்லிமீட்டருக்குப் பதில் 4.5 மில்லிமீட்டர் ஊசி. 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, துண்டின் மேல் விரித்துக் காயப் போட்டிருக்கிறேன். ஓரம் இழுபட்டிருக்கும் என்பதால் நடுவில் உள்ள 10 சென்டிமீட்டரைத்தான் அளக்க வேண்டும். 14 வருகிறதா என்று காலையில் எண்ணிப் பார்ப்பேன். வராவிட்டால் 4 மில்லிமீட்டர் ஊசியில் இன்னொரு துண்டு.