குமுளி இறக்கம்: லாரிக்காரனின் நாட்குறிப்பு

நவம்பர் 18, லோயர் கேம்ப்

பத்துச் சக்கர வண்டி, மரக்கட்டை லோடு. குமுளி தாண்டியதும் ஓரம் கட்டி, பிரேக்குக்கான காற்றை அடைத்து வைக்கும் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, சக்கரங்களின் பிரேக் டிரம்களைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தன. கியரை அங்கேயே குறைத்துக்கொண்டேன். வேகம் பிடித்த பிறகு கீழ் கியர் விழாது. நியூட்ரலில் தொங்கினால் வண்டி நம் வசம் இல்லை. புகைபோக்கியை அடைத்து எஞ்சினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, வேகம் ஏறும்போது மட்டும் ஒருமுறை அழுத்தி மிதித்து, முழுதாகக் காலை எடுத்தேன். சிலர் மேலிருந்து கீழ்வரை காலை ஊன்றியே வருவார்கள். டிரம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

நவம்பர் 19

மழை. ஓட்டமில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் கணக்குப் போட்டான்: "மாமா, 28 டன் வண்டி 400 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 30 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்." பெரியாற்றுத் தண்ணீர் இதே மலையில் குழாய் வழியே இறங்கித்தான் லோயர் கேம்பில் மின்சாரமாகிறது. நம் வண்டியில் அது அத்தனையும் சூடு. எஞ்சின் தன் பங்கை வாங்காவிட்டால் முழுவதும் டிரம் தலையில்தான் விழும். சூட்டில் டிரம் விரிந்து, அதன் உள்ளே உரசி நிறுத்தும் லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஏர் பிரஷர் முள் சரியாகவே காட்டும். வண்டி மட்டும் நிற்காது.

நவம்பர் 22, முண்டக்கயம்

இது கேரளப் பக்கத்து இறக்கம். குட்டிக்கானத்தில் பனிமூட்டம், ஐயப்ப பக்தர்களின் வேன்கள் வரிசையாக. குறுகலான இடங்களில் ஏறி வருபவருக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான்.

பாதி இறக்கத்தில் லைனிங் கருகும் வாடை. முன்னே ஒரு லாரி ஒதுங்கி நின்றது, பின்சக்கரத்தில் நீலப் புகை. கிளீனர் பையன் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். "ஊற்றாதே தம்பி, டிரம் வெடிப்பு விட்டுவிடும். தானாக ஆறட்டும். முதலில் டயருக்குக் கட்டை போடு" என்றேன்.

நியூட்ரலில் இறக்கினாராம் டிரைவர். "டீசல் மிச்சம் அண்ணே, முதலாளி கணக்குக் கேட்கிறார்" என்றார். இப்போது வரும் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓடுவதற்குக் குடிக்கும். சொன்னேன், நம்பவில்லை. கருகிய லைனிங்கை அந்த முதலாளி எந்தக் கணக்கில் எழுதுவாரோ!